தம்புள்ளைக் களஞ்சியமும் லக்கல மலைப்பாதையும்

தொற்றுநோய் பரவும் காலத்தில் மருந்து இருக்கிறதா என்பது எவ்வளவு முக்கியமோ, அது குளிர் கெடாமல் ஜனங்களிடம் போய்ச் சேருமா என்பதும் அவ்வளவு முக்கியம். 2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியாவிலிருந்து 5 இலட்சம் கோவிஷீல்ட் தடுப்பூசிகள் கொழும்புக்கு வந்தன; ஜூலையில் பைசர் வந்தது. முன்னதற்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிர் போதும். பின்னதை நெடுநாள் காக்கப் பூச்சியத்துக்குக் கீழ் 60 பாகையினும் தாழ்ந்த உறைகுளிர் அவசியம்.

இந்த அவசியத்தின் சிரமத்தை மாத்தளை மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம். வடக்கே தம்புள்ளைச் சமவெளியின் வெயில்; கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர்; ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் வழியாக லக்கலவுக்குச் செல்லும் பாதையிலோ மூடுபனியும் காற்றும் மண்சரிவும். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்த தோட்டத் தொழிலாளருள் எண்ணற்றோர், வைத்திய உதவி எட்டாமல், வாந்திபேதிக்கு அவ்வழியிலேயே பலியானார்கள் என்பதைச் சரித்திரம் அறியும். அவர்களுடைய சந்ததியார் வாழும் மலைத்தோட்டங்களுக்கு இன்றும் மருந்து கடைசியாகத்தான் போய்ச் சேருமென்றால், அதை இயற்கையின் குற்றமென்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

குளிர் காப்பது நுட்பமான காரியம். தடுப்பூசிப் பெட்டியை அடுக்குமுன், உறைந்த ஐஸ் பொதிகளைச் சற்று நேரம் வெளியே வைத்து, குலுக்கும்போது உள்ளே நீர் அசையும் ஓசை கேட்ட பின்பே அவற்றைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஏனெனில் ஏற்புவலித் தடுப்பூசி உறைந்துபோனால் அதன் வீரியம் அழிந்துவிடும். போலியோ சொட்டு மருந்துக் குப்பியிலோ, வட்டத்துக்குள் இருக்கும் சிறு சதுரம் வெப்பம் பட்டால் மெல்லக் கறுக்கும். வாகனம் எதுவாயினும், இதையறிந்த கைகள் இரு முனைகளிலும் இல்லையெனில் பிரயோஜனமில்லை.

ட்ரோனைப் பற்றிய உற்சாகத்தையும் இவ்விடத்தில் நிதானமாக அளந்து பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் வனுவாட்டுத் தீவுநாட்டிலும், 2021 அக்டோபர் 4ஆம் திகதி மணிப்பூரிலும் அது தடுப்பூசி சுமந்து சென்றது. மணிப்பூரில், பிஷ்ணுபூரிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குத் தரைவழியே 26 கிலோமீற்றர். 15 கிலோமீற்றர் வான்வழியை அது 12 முதல் 15 நிமிடங்களில் கடந்தது. ஆயினும் அது சுமப்பது சில கிலோ மட்டுமே. பெருங்காற்றிலும் அடைமழையிலும் அது பறக்காது. மழை ஓய்ந்து வானம் தெளிந்த பிறகும், சரிந்த மண்ணை அகற்றும்வரை பாதை நாட்கணக்கில் மூடிக்கிடக்குமே, அந்த இடைவெளிதான் லக்கலவில் ட்ரோனுக்குரிய இடம்.

மற்றப் பெருஞ்சுமையெல்லாம் லொறியினுடையதே. அந்தக் குளிரூட்டிய லொறியையும், அதைப் பழுதுபார்க்கும் தொழிலாளியையும், அதன் இயல்பறிந்த சாரதியையும் தொற்று வந்த பிறகு தேடுவது வீண். அன்றாட வியாபாரம் வளர்த்து வைத்திருந்தாலொழிய அவை ஆபத்தில் உதவா. தம்புள்ளைப் பொருளாதார மையத்திலிருந்து காய்கறி மூட்டைகள் இன்றும் பெரும்பாலும் சாதாரண லொறிகளிலேயே போகின்றன. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்திய உதவியுடன் அங்கே 5,000 தொன் கொள்ளளவுள்ள, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் திறக்கப்பட்டது. களஞ்சியத்தின் வாசலோடு குளிர் நின்றுவிடாமல் சந்தைவரை செல்லுமானால், விவசாயியின் விளைச்சல் அழுகாது. அவசர காலத்தில் மருந்துக்கென ஒதுக்கிச் சுத்திகரிக்கத்தக்க வாகனங்களும் மாவட்டத்திலேயே இருக்கும்.

இதற்கு வேண்டியவை மூன்று. குளிர் லொறி வாங்கும் வியாபாரிகளுக்குச் சலுகைக் கடன் வழங்கி, தொற்றுக் காலத்தில் அவ்வாகனங்களைச் சுகாதாரத் திணைக்களத்துக்குத் தருவதாக இப்போதே உடன்படிக்கை செய்ய வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற அனுபவத்தை மறவாமல், கிராமிய வைத்தியசாலைக் குளிர்சாதனப் பெட்டிகளுக்குச் சூரிய மின்சாரம் அளிக்க வேண்டும். லக்கலவுக்கான ட்ரோன், வழக்கமான குழந்தைத் தடுப்பூசிகளைச் சுமந்து சாதாரண மாதங்களிலேயே பறந்து பழக வேண்டும். நோயில்லாத நாட்களில் இவற்றுக்குச் செலவிடுவதே சிக்கனம். நோய் வந்தபின் செலவிடும் பணம் எவ்வளவாயினும், இழந்த நாட்களை மீட்டுத் தராது.