குழுவுக்குச் சொல்லும் உரிமையும் எரிதம் பற்றிய அச்சமும்

2021ஆம் ஆண்டின் ஒரு காலைப் பொழுது. எனக்கு மணி பத்து. ரொரன்ரோவில் வாழும் என் தங்கையின் மகனுக்கு நள்ளிரவு கடந்திருந்தது. அந்த நேரத்தில் அவனிடமிருந்து அழைப்பு வந்ததும் மனம் திடுக்கிட்டது.

"மாமா, என்னை ஏழு நாளைக்குக் கதைக்க விடாமல் பூட்டிப் போட்டாங்கள்" என்றான்.

விடயம் இதுதான். இணைய விளையாட்டு ஒன்றில் அவன் ஒரு குழுவின் தலைவன். ரொரன்ரோ, இலண்டன், ஒஸ்லோ, யாழ்ப்பாணம், வவுனியா எனப் பல இடங்களில் சிதறியிருக்கும் அறுபது பிள்ளைகள் அதில் இருந்தனர். விளையாட்டில் சூட்டிக்கொண்ட பெயரால் மட்டுமே ஒருவரையொருவர் அறிவர். தொலைபேசி இலக்கங்களைப் பரிமாறிக்கொள்ளவில்லை. பிள்ளைகள் விடயத்தில் அதுவே சரியும்கூட.

அன்று வவுனியாத் தோழனின் தந்தை இறந்துவிட்டார். மறுநாள் நடக்கவிருந்த போட்டியை நிறுத்தவேண்டும். எல்லோரும் அவனுக்கு ஒரு வார்த்தை எழுதவேண்டும். ஆனால் குழு முழுவதற்கும் ஒரே தடவையில் செய்தி அனுப்பும் வசதி அந்த விளையாட்டில் இல்லை. விளம்பரக்காரர் அதனைத் துர்ப்பயன்படுத்தியதால் நிறுவனம் நீக்கிவிட்டிருந்தது. ஆகவே, ஒரே வாசகத்தைப் பிரதிசெய்து ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினான். இருபத்துமூன்று பேருக்குப் போய்ச் சேர்ந்தது. இருபத்துநான்காவதில் கணக்கு பூட்டப்பட்டது. காட்டப்பட்ட காரணம் ஒற்றைச் சொல்: எரிதம்.

"செத்தவீட்டுச் செய்தி சொன்னதுக்கு ஸ்பாம் எண்டு போட்டிருக்கிறாங்கள், மாமா."

அவனுக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் ஆறுதலாக யோசித்தபோது தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எரிதம் என்று நாம் தமிழில் வழங்கும் இந்தத் தொல்லை புதியதன்று. 1978 மே மாதத்தில், இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற் வலையமைப்பில், அமெரிக்கக் கணனி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலர் தமது புதிய கணனிகள் பற்றிய விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே தடவையில் அனுப்பினார். வேண்டாத மின்மடல்களின் வரலாறு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கப்படுகிறது. அதே 1978இல்தான் பிரித்தானியாவின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள், பலர் ஒரே நேரத்தில் கூடி விளையாடும் எழுத்து வடிவ விளையாட்டான 'மட்' என்பதை உருவாக்கினர். இன்றைய இணைய விளையாட்டுகளுக்கு அது ஒரு மூத்த தலைமுறை.

இரண்டும் பின்னர் சந்தித்துக்கொண்டன. தகர இறைச்சி ஒன்றின் வணிகப் பெயரான 'ஸ்பாம்' என்பதை 1970இல் பிரித்தானிய நகைச்சுவைக் குழுவான மொண்டி பைதன், காது புளிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கவைத்தது. அதைப் பார்த்துச் சிரித்த தலைமுறை, விளையாட்டு அரங்கில் ஒரே வரியை மீண்டும் மீண்டும் தட்டித் திரையை நிரப்பியவர்களின் செயலுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. ஆக, ஸ்பாம் என்ற வசைச்சொல் இணையத்துக்கு வந்து சேர்ந்த வழிகளில் விளையாட்டு அரங்கும் ஒன்று. நோயும் அதன் பெயரும் அங்கு பழையவை. நிறுவனங்கள் அஞ்சுவதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் எண்ணிக்கையா குற்றம்? 1978இல் மடல் பெற்ற 400 பேரில் எவரும் அதைக் கேட்கவில்லை. என் மருமகனின் குழுவிலிருந்த அறுபது பேரும் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள். இயந்திரம் பிரதிகளை எண்ணியது. அனுப்பியவனுக்கும் பெற்றவர்களுக்கும் இருந்த உறவைப் பார்க்கவில்லை. கேளாதவனின் கதவைத் தட்டுவதே எரிதம். தன் குழுவைக் கூட்டிச் செய்தி சொல்வது தலைவனின் கடமை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு விதி செய்தால், வியாபாரி வேறு பெயரில் புதிய கணக்குத் திறந்து வருவான். அகப்படுபவன் ஒரே பெயரில் நேர்மையாக இருக்கும் பிள்ளைதான்.

சில தளங்கள் பணத்தை வாயிற்காவலாக வைக்கின்றன. புகழ்பெற்ற விளையாட்டுத் தளமான ஸ்டீம் 2015இல் கொண்டுவந்த விதியின்படி, 5 அமெரிக்க டொலராவது செலவிடாத கணக்குகளால் பிறருக்கு நண்பர் அழைப்பு அனுப்புவது போன்ற பல வசதிகளைப் பயன்படுத்த முடியாது. மோசடிக்காரர்கள் பெரும்பாலும் பணம் செலவிடாத கணக்குகளையே பயன்படுத்துகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தர்க்கம் சரிதான். ஆனால் ரொரன்ரோவில் 5 டொலர் ஒரு கோப்பிக் காசு. நம் நாட்டிலோ, சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் 2022இல் 360 ரூபாவைத் தாண்டியபோது, அது 1,800 ரூபா. பணத்துக்கு மேலாக, வெளிநாட்டுக்குச் செலுத்த வங்கி அட்டையும் வேண்டும். வவுனியாப் பிள்ளை அதற்கு எங்கே போவான்? ஒரே குழுவில் ஒருவனுக்கு வாயும் மற்றவனுக்குக் காதும் மட்டும் கொடுப்பது நீதியன்று.

வேறு வழிகள் இல்லையா? இருக்கின்றன, நடைமுறையிலும் இருக்கின்றன. வட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் அனுப்புபவரின் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பெறுபவரின் சம்மதமே அங்கு திறவுகோல். விளையாட்டுப் பிள்ளைகள் கூடும் டிஸ்கோர்ட்டில், எல்லோரையும் ஒரே குரலில் அழைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைக் குழுவை நடத்துபவரே தீர்மானிக்கலாம். ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் இடையே காத்திருக்கவேண்டிய நேரத்தை விதிக்கலாம். அழைப்பு வேண்டாதவர் தமக்கு மட்டும் அதை அடக்கி வைக்கலாம்.

இவற்றிலிருந்து நான் கேட்பது மிக எளியது. விரும்பிச் சேர்ந்தோருக்கு மட்டும் செய்தி போகட்டும். தலைவரும் அவர் நியமிக்கும் ஓரிருவரும் மட்டும் அனுப்பட்டும். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று என அளவு இருக்கட்டும். ஒவ்வொரு செய்தியின் கீழும் 'இனி வேண்டாம்' என்ற பொத்தான் இருக்கட்டும். பலர் அதை அழுத்தினால் அந்தக் குழுவின் உரிமை தானாகக் குறையட்டும். நேற்றுத் தொடங்கிய குழுவுக்குச் சில நாள் பொறுமை விதிப்பதிலும் தவறில்லை.

இதற்கும் ஓட்டை உண்டு என்பதை மறைக்கமாட்டேன். நம்பிக்கைக்குரியவரின் கணக்கே திருடப்பட்டால்? 2022 யூன் மாதத்தில் 'போர்ட் ஏப் யொட் கிளப்' என்ற எண்ணிமப் படச் சேகரிப்பாளரின் டிஸ்கோர்ட் குழுவில் அதுதான் நடந்தது. நிர்வாகி ஒருவரின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் போலி இணைப்பொன்றை அறிவிப்பாக இட்டு, நம்பியவர்களின் உடைமைகளைக் கவர்ந்தனர்.

இந்த இடத்தில் என் தொழில் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் நான் பணியாற்றிய பத்திரிகைக்கு, காணிச் சண்டை ஒன்றின் கோபத்தில், உயிரோடிருக்கும் ஒருவருக்கு மரண அறிவித்தல் அனுப்பிவிட்டார்கள். நாங்களும் பிரசுரித்துவிட்டோம். மறுநாள் 'காலஞ்சென்றவர்' பத்திரிகையைக் கையில் பிடித்தபடி அலுவலகப் படியேறி வந்தார். அதன்பின் ஆசிரியபீடத்தில் ஒரு விதி வந்தது: அறிவித்தல் கொடுப்பவர் ஒப்பமிடவேண்டும், வேறொருவர் உறுதிப்படுத்தவேண்டும். ஆனால் மரண அறிவித்தல்களை நாங்கள் நிறுத்திவிடவில்லை. நிறுத்தியிருந்தால், யுத்த காலத்தில் சிதறிக்கிடந்த எத்தனையோ உறவுகளுக்குச் சாவுச் செய்தியே எட்டியிராது.

விளையாட்டு நிறுவனங்களும் அதையே செய்யலாம். இணைப்புள்ள குழுச் செய்தி என்றால், இரண்டாவது பொறுப்பாளர் ஒருவர் ஒப்புதல் தந்த பின்பே போகவேண்டும் என்று வைக்கலாம். இணைப்பில்லாத நாலு வரி இரங்கல் செய்திக்கு அந்தத் தாமதம்கூட வேண்டியதில்லை.

வவுனியாப் பிள்ளை அந்த ஏழு நாளும் என்ன நினைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரியவந்தது. அறுபது பேர் கொண்ட குழுவில் இருபத்துமூன்று பேர் எழுதினார்கள்; மற்றவர்கள் எழுதவில்லை; அழைப்பான் என்று எதிர்பார்த்த தலைவனே மௌனமாகிவிட்டான். ஆகவே அவன் குழுவிலிருந்து விலகிவிட்டான். கணக்குத் திறந்ததும் என் மருமகன் அவனைத் தேடிப்பிடித்து நடந்ததைச் சொன்னான். திரும்பி வந்தான். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்த அந்த வாரத்தில், தன்னைத் தோழர்கள் பொருட்படுத்தவில்லை என்று அவன் எண்ணியிருந்தது உண்மை.

இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களின் பிள்ளைகள் பலர் இன்று உலகெங்கும் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிகிறார்கள். அடுத்த தடவை குழுச் செய்தி வசதியை நீக்கவேண்டும் என்ற யோசனை அவர்களின் மேசைக்கு வந்தால், இந்த இரண்டு பிள்ளைகளின் கதையையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.