காலிக் கோட்டை வீடுகள்

பாடசாலை விடுமுறை வந்தால் நுவரெலியா, கண்டி என்று புறப்படுவது நம்மவர் வழக்கம். இம்முறை பிள்ளைகளைக் காலிக் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். மதிலில் ஏறிக் கடலைப் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், உள்ளேயுள்ள வீதிகளில் நடந்து வீடுகளையும் பாருங்கள்.

காலியின் கதை ஒல்லாந்தருடன் தொடங்கவில்லை. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பற்தலைவர் தம் இல்லத்தில் விருந்தளித்ததை எழுதிவைத்துள்ளார். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டும் காலியில்தான் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த அக்கல்லின் பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது அது ஒரு மதகை மூடும் கல்லாகக் கிடந்தது! இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதைப் பெருமதில்களால் சூழ்ந்தனர். பழைய வாயிலின் உட்புறத்தில் அவர்களது கம்பனியின் சின்னத்தையும் 1669 என்ற ஆண்டையும் காணலாம். வெளிப்புறத்தில் ஆங்கிலேயரின் அரச சின்னம் இருக்கிறது. ஒரே வாயிலில் இரண்டு ஆட்சிகள்! சற்றுத் தள்ளி 1755இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் உண்டு.

இனி வீடுகளைக் கவனியுங்கள். முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர்கள். வீதியோரம் தூண்கள் தாங்கும் நீண்ட விறாந்தை. உள்ளே உயர்ந்த கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம். வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேற, வீடு குளிர்ந்திருக்கும். மின்விசிறி இல்லாத காலத்து அறிவு இது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு மாறின. காலியின் வியாபாரம் குன்றியது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் வேகம் இங்கு வராமற்போனதற்கு அதுவும் ஒரு காரணம். பறங்கியர் பலர் வெளியேறிய வீடுகளில் முஸ்லிம் குடும்பங்கள் குடியேறின. வெளிச்சவீட்டுக்கு அருகிலுள்ள மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் அவர்களது வாழ்வின் மையம். அதன் வெண்ணிற முகப்பைப் பார்த்துத் தேவாலயம் என்று எண்ணுவோர் பலர். உள்ளே நுழைந்தால்தான் மிஹ்ராபைக் காண்பர்.

1988இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. அது நல்லதே. ஆனால் பெயர் பரவப் பரவ வீடுகளின் விலையும் ஏறியது. கடந்த சில பத்தாண்டுகளில் பல வீடுகள் கைமாறி ஹோட்டல்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. விற்றவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வாரிசுகள் பலர், பங்கு பிரிக்க வேண்டும், குமர் காரியம் இருக்கும், பழுதுபார்க்கவும் பெருஞ்செலவு. எனினும் ஒன்றை யோசிக்க வேண்டும். குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறினால் சுவர்கள் நிற்கும். பஜ்ருடைய ஸப்பில் நிற்பவர் யார்? மாலையில் ஓதப் போகும் பிள்ளைகள் எங்கே?

இது காலிக்கு மட்டுமான கேள்வியல்ல. உங்கள் ஊரிலும் மூத்தவாப்பா கட்டிய வீடொன்று இருக்கலாம். விற்பதானாலும் இடிப்பதானாலும், முதலில் குடும்பத்தோடு கூடிப் பேசுங்கள். வைத்திருப்பதானால் சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்; ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரித்துவிடும். பழைய உறுதிகளையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். மதகில் கிடந்த அந்தக் கல்லின் கதி நம் வீடுகளுக்கு வர வேண்டாம்.

காலிக்குப் போவோர் காலையிலோ அஸருக்குப் பின்னரோ நடப்பது நல்லது. குடியிருக்கும் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். ஸலாம் சொல்லி அனுமதி கேளுங்கள்.