நண்டுகளா குற்றவாளிகள்?

2019 ஜூலை 2ஆம் நாள் இரவு, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் தீவரே மண் அணை உடைந்தது. கீழே இருந்த குடியிருப்பில் குறைந்தது 19 பேர் மாண்டனர். அணையில் நீர் கசிவதாகக் கிராம மக்கள் முன்னரே முறையிட்டிருந்தனர். துறையின் அமைச்சரோ, கரையைத் துளைத்த நண்டுகளே காரணம் என்றார்.

மண் அணை ஒரே நாளில் நலிவதில்லை. கரையினுள் ஊறும் நீர் மண் துகள்களை அரித்து வெளியேற்றுகிறது. தெளிந்த கசிவு கலங்கலாக மாறுவதே அபாய அறிவிப்பு. எலி வளையும் நண்டு வளையும் மரவேரும் அதற்கு வழி திறக்கக்கூடும். வளைகளைத் தேடி அடைப்பதும், புதரை வெட்டுவதும், கசிவை அளப்பதும் பராமரிப்புப் பணியே. அதனைச் செய்யாத நிர்வாகம் நண்டின்மீது பழி சுமத்துவது வெட்கக்கேடு.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றுள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே உள்ளடக்கியது. அவற்றினும் சிறிய அணைகளின் கீழ் வாழும் உழவரும் ஆதிவாசிகளும் அச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கிடையே, நீர்த்தேக்கங்களைத் தனியார் பங்கேற்புடன் சுற்றுலாத் தலங்களாக்கும் பேச்சு ஓங்குகிறது. உழைக்கும் மக்கள் நீர்நிலையோரம் இளைப்பாறுவது அவர்தம் உரிமை. ஆனால் கரைமேல் வண்டிகள் ஓடிப் பள்ளம் விழுவதும், மிகைநீர்ப் போக்கியின் வாயிலில் கடைகள் முளைப்பதும் அணைக்கே ஊறு. படகுக் கட்டணம் குத்தகைக்காரருக்கு, வெள்ளம் கீழூர் மக்களுக்கு என்பது என்ன நீதி?

மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, கிராமசபையில் அறிக்கை, நிரந்தரக் கரைக்காவலர், அபாயச் சங்கு ஆகியவை முதலில் வேண்டும். படகு பிறகு வரட்டும்.