ஒரு கை காலியாக இருக்கட்டும்! டிராலி சூட்கேஸில் கூடுதல் பையைக் கட்டுவது எப்படி?

நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தை நெருங்குகிறது. விடிந்தும் விடியாத நேரம். கதவருகே அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா நிற்கிறார். வலது கையில் டிராலி சூட்கேஸ். இடது தோளில் ஹேண்ட்பேக். இடது கையில் அல்வாவும் முறுக்கும் கருப்பட்டியும் அடைத்த கட்டைப்பை. வண்டி இங்கே சில நிமிடங்கள்தான் நிற்கும். பின்னால் இறங்குபவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். இறங்கும்போது பிடித்துக்கொள்ளக் கதவுக்குப் பக்கத்திலேயே கம்பி இருக்கிறது. ஆனால், அதைப் பிடிக்க அவரிடம் கை இல்லை.

மகள் வீட்டுக்குப் போகும் அம்மா, ஹாஸ்டலுக்குத் திரும்பும் மாணவர், கைக்குழந்தையோடு கிளம்பும் இளம் தம்பதி... யாராக இருந்தாலும் கதை இதுதான். சூட்கேஸில் சக்கரம் வந்துவிட்டது. ஆனால், நம் பயணத்தில் சூட்கேஸ் தனியாக வருவதே இல்லை. கூடவே ஒரு பை, அந்தப் பைக்குத் துணையாக இன்னொரு பை!

அந்தக் கூடுதல் பையை டிராலியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. சரியாகக் கட்டினால் ஒரு கை முழுதாக விடுதலையாகும். அந்தக் கை குழந்தையின் விரலைப் பிடிக்கவோ, படிக்கட்டுக் கம்பியைப் பிடிக்கவோ உதவும். தவறாகக் கட்டினால், பத்து அடிக்கு ஒருமுறை நின்று, சரிந்த பையைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

விமானி கொடுத்த கைப்பிடி

சக்கரம் வைத்த சூட்கேஸ் பழைய சங்கதி இல்லை. அமெரிக்காவின் பெர்னார்ட் சாடோ என்பவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது 1972-ல்தான். அதில் நீண்ட கைப்பிடி கிடையாது. ஒரு வாரைப் பிடித்து இழுக்க வேண்டும், பெட்டி தள்ளாடும். 1987-ல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, இரண்டு சக்கரங்களும் நீளமான, உறுதியான கைப்பிடியும் வைத்து, சாய்த்து இழுக்கும் பெட்டியை உருவாக்கினார். முதலில் விமானப் பணியாளர்கள்தான் இதை வாங்கினார்கள். பிறகு பயணிகளிடம் பரவியது.

இன்று நாம் மேலே இழுத்து, உள்ளே தள்ளும் இரட்டைக் கம்பிக் கைப்பிடி அந்த வழியில் வந்ததுதான். சூட்கேஸுக்கு மேலே இன்னொரு பையைச் சாய்த்து உட்கார வைக்க முதுகு கொடுப்பதும் இந்தக் கம்பிகளே.

பை ஏன் சரிகிறது?

கட்டுவதற்கு முன், பை எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

இரண்டு சக்கர டிராலியைச் சாய்த்து இழுக்கும்போது, மேலே வைத்த பை கம்பிகளின் மீது சாய்ந்துகொள்ளும். எடை கம்பியை நோக்கியே இறங்குவதால் லேசாகக் கட்டினாலே போதும். நான்கு சக்கர டிராலி அப்படி இல்லை. அதை நிமிர்த்தித் தள்ளுகிறோம். பை சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாததால் இடமும் வலமுமாக ஆடும். எனவே இதற்கு இறுக்கமான கட்டு தேவை.

இரண்டுக்கும் பொதுவான விதிகள் நான்கு.

1. மேலே இருக்கும் பை, கீழே இருக்கும் சூட்கேஸைவிட எடை குறைவாக இருக்க வேண்டும். பாதி எடைக்கும் கீழே என்றால் இன்னும் நல்லது.

2. மேல் பை, சூட்கேஸின் அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரயில் பெட்டியின் நடைவழியில் ஒவ்வொரு சீட்டிலும் இடிக்கும்.

3. சூட்கேஸை அடுக்கும்போதே செருப்பு, புத்தகம் போன்ற கனமான பொருள்களைச் சக்கரத்தின் பக்கம் வையுங்கள். அடி கனத்தால் பெட்டி கவிழாது.

4. பையை சூட்கேஸின் முன்பக்கம் தொங்கவிட்டால், இழுக்கும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்திக் கையை எடுத்த அடுத்த நொடி, மொத்தமும் முன்பக்கமாக விழும்.

எந்தப் பைக்கு எந்தக் கட்டு?

*லேப்டாப் பை:* பின்பக்கம் ஒரு பட்டையான துணி குறுக்கே தைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலர் அதை பாக்கெட் என்று நினைத்து டிக்கெட்டைச் செருகி, அது கீழே விழுந்த பிறகு முழிப்பார்கள். அது டிராலிக் கம்பியில் மாட்டுவதற்கான பட்டை. சில பைகளில் அதன் அடியில் ஜிப் இருக்கும். மூடியிருந்தால் பாக்கெட், திறந்தால் டிராலிப் பட்டை. கைப்பிடியை மேலே இழுத்து, அதன் வழியாகப் பட்டையைக் கீழே இறக்கினால் வேலை முடிந்தது. தனியாகக் கயிறு தேவையில்லை. புதிதாகப் பை வாங்குபவர்கள் இந்தப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

*நீளமான தோள்பட்டை வார் உள்ள டிராவல் பேக்:* பையின் முதுகு கம்பியைத் தொடும்படி சூட்கேஸின் மேல் வையுங்கள். வாரின் ஒரு முனைக் கொக்கியைக் கழற்றி, இரண்டு கம்பிகளையும் சுற்றி இரண்டு சுற்று கொண்டுவந்து, மறுபடியும் அதே வளையத்தில் மாட்டுங்கள். பிறகு வாரைச் சுருக்கி இறுக்கினால் பை அசையாது.

*துணிப்பை, மஞ்சப்பை:* ஒரு காதை இழுக்கும் கைப்பிடியின் மேல் மாட்டி, கம்பிகள் அதற்குள் வரும்படி கீழே இறக்குங்கள். மற்றொரு காது முன்பக்கம் இருக்கட்டும். வாய் திறந்த பை என்பதால், இரண்டு காதுகளையும் ஒரு ரிப்பனால் சேர்த்து முடிந்துவிடுங்கள். இல்லையென்றால் பிளாட்பாரத்தில் ஆரஞ்சுப் பழம் உருளும்.

*கட்டைப்பை:* நம் ஊர்ப் பயணத்தின் நாயகன். இதன் பிடி கட்டை என்பதால் கம்பியில் மாட்ட முடியாது. வயிறும் பெருத்திருக்கும். இதற்கு ஒரு பெல்ட் அவசியம். கிளிப் வைத்த லக்கேஜ் பெல்ட் கடைகளில் கிடைக்கிறது. பெல்ட்டைக் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து எடுத்து, பையின் வயிற்றைச் சுற்றி, இரண்டு கட்டைகளுக்கும் கீழே உள்ள இடைவெளியில் நுழைத்து, சூட்கேஸின் மேல் கைப்பிடியில் கோத்து, கிளிப்பைப் போடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் இருந்தால் அதை டப்பாவில் போட்டு அடியில் வைப்பது நல்லது.

*பெல்ட் இல்லையா?* துப்பட்டாவோ துண்டோ போதும். நீளவாக்கில் மடித்து, நடுப்பகுதி கம்பிகளுக்குப் பின்னால் இருக்கும்படி வையுங்கள். இரண்டு முனைகளையும் பைக்கு முன்னால் கொண்டுவந்து குறுக்காக மாற்றி, சூட்கேஸின் மேல் கைப்பிடிக்குள் நுழைத்து முடிச்சுப் போடுங்கள். ஒரு முனையை இழுத்தாலே அவிழ்கிற உருவு முடிச்சாக இருக்கட்டும். மீதமுள்ள நுனியைத் தொங்கவிடாமல் உள்ளே செருகிவிட வேண்டும். சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் டிராலி அங்கேயே நின்றுவிடும்.

*எலாஸ்டிக் கயிறு:* பைக்கின் பின்சீட்டில் பொருள் கட்டப் பயன்படும், இரு முனையிலும் கொக்கி உள்ள கயிற்றைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பிடிப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால், இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி நேராக முகத்துக்கு வரும், கண்ணையே காயப்படுத்திவிடும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இது வேண்டவே வேண்டாம்.

எங்கே அவிழ்க்க வேண்டும்?

கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த இடத்தில் அவிழ்க்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். சமதளத்தில் கட்டு நண்பன். படியில் அதுவே எதிரி.

*எஸ்கலேட்டர்:* கட்டிய டிராலியோடு ஏறாதீர்கள். தலைகனத்த பெட்டி பின்னால் சரிந்தால், கீழே நிற்பவர் மீதுதான் விழும். லிஃப்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அவிழ்த்து, இரண்டு தடவையாகப் படியில் தூக்கிச் செல்வதே பாதுகாப்பு.

*ரயில் கதவு:* ஏறும் முன்பே மேல் பையை அவிழ்த்துவிடுங்கள். இரண்டு பேர் என்றால், ஒருவர் முதலில் வெறுங்கையோடு ஏறி, மற்றவர் ஒவ்வொன்றாகக் கொடுக்க வாங்கிக்கொள்ளலாம். தனியாக வந்தால், முதலில் சூட்கேஸை உள்ளே ஏற்றிவிட்டு, பையைத் தோளில் மாட்டி, கம்பியைப் பிடித்து ஏறுங்கள். இறங்கும் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் கதவருகே கொண்டுவந்துவிடுங்கள். பிளாட்பாரத்தில் கால் ஊன்றிய பிறகு மறுபடியும் கட்டலாம். வண்டி நகரத் தொடங்கிவிட்டால் பைக்காக ஏறவோ இறங்கவோ கூடாது. இறங்கிய பிறகு பை உள்ளே இருப்பது தெரிந்தால், ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள்.

*பிளாட்பாரம்:* மஞ்சள் நிறத்தில் மேடு மேடாகப் பதித்திருக்கும் ஓடுகளின் மேல் டிராலியை இழுத்தால் சக்கரம் குதித்து, கட்டு தளரும். அந்த ஓடுகள் பார்வையற்றவர்கள் வழி அறிவதற்கானவை. அதன் மேல் பெட்டியை நிறுத்துவதும் தவறு. கரடுமுரடான இடங்களில் நான்கு சக்கர டிராலியையும் சாய்த்து, இரண்டு சக்கரத்தில் இழுங்கள்.

*விமான நிலையம்:* இரண்டு பையைச் சேர்த்துக் கட்டினால் அது ஒரே பை ஆகிவிடாது. உள்நாட்டு விமானங்களின் எகானமி வகுப்பில் கைப்பைக்கு பொதுவாக 7 கிலோதான் அளவு. உங்கள் டிக்கெட்டில் எவ்வளவு என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு பையும் தனித்தனியாக எக்ஸ்-ரேவுக்குள் போக வேண்டும். அங்கே நின்று இறுகிய முடிச்சோடு போராடினால் பின்னால் வரிசை நீளும். கிளிப் பெல்ட் இங்கேதான் கைகொடுக்கும். செக்-இன் செய்யும் பெட்டியில் தொங்கும் வார், கயிறு எதையும் விடாதீர்கள். கன்வேயர் பெல்ட்டில் சிக்கிக்கொள்ளலாம்.

கட்டவே கூடாத பை

மருந்து, பணம், நகை, அடையாள அட்டை, போன், வீட்டுச் சாவி. இவை இருக்கும் பை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் டிராலியில் ஏறக் கூடாது. உடம்போடு ஒட்டி, குறுக்காக மாட்டிய பையில்தான் இருக்க வேண்டும். டிராலி நமக்குப் பின்னால் வருகிறது. பின்னால் நடப்பதை நம் கண் பார்ப்பதில்லை. விமானத்தில் இடமில்லை என்று கடைசி நேரத்தில் டிராலியை வாங்கி சரக்குப் பகுதியில் போடுவதும் உண்டு. சர்க்கரை நோய்க்கான இன்சுலின் அதற்குள் இருந்தால் என்ன செய்வது? பவர் பேங்க் இருந்தாலும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், அதை செக்-இன் லக்கேஜில் அனுப்ப அனுமதி இல்லை.

இரவு ரயிலில் இன்னும் கவனம் தேவை. கீழ் பெர்த்துக்கு அடியில் சங்கிலி கோப்பதற்கான வளையங்கள் இருக்கும். சங்கிலியை சூட்கேஸ் கைப்பிடியிலும் கூடுதல் பையின் பிடியிலும் சேர்த்துக் கோத்துப் பூட்டுங்கள். நான்கு சக்கர டிராலியைப் படுக்க வையுங்கள். இல்லையென்றால் வண்டி பிரேக் போடும்போதெல்லாம் அது உலா போகும்.

பொருள் போனால் ரயில்வே கொடுத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவின்படி, பயணி தன்னுடனே வைத்திருக்கும் பொருளுக்கு, ரயில்வே ஊழியரின் கவனக்குறைவோ தவறோ நிரூபிக்கப்பட்டால்தான் ரயில்வே பொறுப்பேற்கும். ஒரு பயணியின் பணம் ரயிலில் திருடுபோன வழக்கில், அதை ரயில்வேயின் சேவைக் குறைபாடாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே, நம் பைக்கு நாம்தான் காவல்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

ஊருக்குப் போகும் முதல் நாள் இரவே, கட்டிய டிராலியோடு வீட்டுக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். ஒரு திருப்பம் திரும்புங்கள். நிலைப்படியைத் தாண்டுங்கள். பிறகு நிறுத்தி, கையை முழுதாக விடுங்கள். விழுந்தால், பலகாரத்தைக் குறையுங்கள் அல்லது பையை மாற்றுங்கள். கடைசியாக, கட்டை ஒரே கையால் அவிழ்க்க முடிகிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் தனியாகப் பயணம் செய்கிறார்கள் என்றால், வழியனுப்பும் பிள்ளைகள் கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. அவர்களையே ஒருமுறை கட்டி, அவிழ்க்கச் சொல்ல வேண்டும். இறங்கும் இடத்தில் அவர்கள்தானே அதைச் செய்யப்போகிறார்கள்?

மொத்தம் எத்தனை உருப்படி என்பதையும் சொல்லி அனுப்புங்கள். "மூணு உருப்படிம்மா, எண்ணிப் பாத்து இறங்கு" என்ற ஒரு வரி, மேல் பெர்த்தில் மறந்துபோகும் பையைக் காப்பாற்றும்.

தாம்பரத்தில் இறங்கும் அந்த அம்மாவுக்குத் தேவை புது சூட்கேஸ் இல்லை. ஒரு பெல்ட்டும், வண்டி நிற்பதற்கு முன் கதவருகே தயாராக நிற்கும் பழக்கமும்தான். பக்கத்தில் நிற்பவரிடம் கட்டைப்பையை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் இறக்கிக் கொடுப்பா" என்று கேட்கத் தயங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிதானமாக இறங்கலாம். பிளாட்பாரத்தில் பையைக் கட்டி முடித்து நிமிரும்போது, ஓடி வரும் பேரனைப் பிடிக்க அவரிடம் ஒரு கை காலியாக இருக்கும்.