எடுத்த ரத்தத்தில் ஈயத்தை அளக்க மறுப்பதேன்?

இந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ 27.5 கோடிப் பேரின் ரத்தத்தில் ஆபத்தான அளவில் ஈயம் கலந்திருக்கிறது என்று யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் மதிப்பிட்டன. மதிப்பீடுதான், கணக்கெடுப்பல்ல. நாடு தழுவிய அளவில் ரத்தத்தை எடுத்து அளந்து பார்க்கும் ஏற்பாடே இங்கு இல்லை.

இயலாமை என்று கூறி ஆட்சியாளர்கள் தப்பிவிட முடியாது. 1998-99இல் நடந்த இரண்டாவது தேசியக் குடும்பநல ஆய்வு, டெல்லியிலும் மும்பையிலும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தையும் சோதித்தது. மும்பையில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் அன்றைய எச்சரிக்கை வரம்பைத் தாண்டியிருந்தனர். அடுத்த சுற்றில் அச்சோதனையை நாடெங்கும் விரிவுபடுத்தியிருக்க வேண்டும். மாறாக, அது கைவிடப்பட்டது. 2019-21இல் ஐந்தாவது ஆய்வுக் குழுவினர் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் படியேறினர். குழந்தைகளின் விரலில் குத்தி ஹீமோகுளோபினை அளந்தனர். ஈயத்தை அளக்கவில்லை. இத்தனைக்கும் ரத்தசோகையை உண்டாக்கும் காரணங்களுள் ஈயமும் ஒன்று! அரசுகள் மாறின, இந்தப் பாராமுகம் மாறவில்லை.

அளந்தால் என்ன நேரும் என்பது முதலாளிகளுக்குத் தெரியும். அமெரிக்காவில் 1976-80 சுகாதார ஆய்வின் ரத்த மாதிரிகள், பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய மக்களின் ரத்தத்திலும் அது குறைந்ததைக் காட்டின. ஈய வணிகர்களின் வாதம் அங்கே சரிந்தது. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது ஹெலிகாப்டர் தெளித்த எண்டோசல்ஃபான், கிராமக் குழந்தைகளின் ரத்தத்தில் இருப்பதைத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் கண்டறிந்தது. (தெளித்தது கேரள அரசின் தோட்டக் கழகமே, அதை மறைக்க வேண்டியதில்லை.) ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011இல் உச்சநீதிமன்றம் அந்த நஞ்சுக்குத் தடை விதித்தது.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகளில் இத்தகைய சான்று தொழிலாளியின் கையில் இல்லை. ஈயத் தூசு படிந்த சட்டையோடு வீடு திரும்பும் அவர், அதைக் குழந்தைக்கும் கொண்டு செல்கிறார். வயிற்று வலியென்று மருத்துவமனைக்குப் போனால் மாத்திரை கிடைக்கிறது. ரத்தத்தில் ஈயம் உள்ளதா என்று எவரும் பார்ப்பதில்லை. பரிசோதனை இல்லாதவரை நோயுமில்லை, இழப்பீடுமில்லை.

குடும்பநல ஆய்வில் ஈயச் சோதனையை மீண்டும் சேர்த்து, மாவட்டவாரியாக முடிவுகளை ஒன்றிய அரசு வெளியிட வேண்டும். ஈயப் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் அவர்களது குழந்தைகளுக்கும் உரிமையாளர்களின் செலவில் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை நடத்தி, அறிக்கையை அவர்களிடமே கொடுக்க வேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் இக்கோரிக்கையைப் பட்டறை வாயில்களுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.