மீற்றருக்கு இப்பால்

தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி திறக்கப்பட்டது. அதே மாதத்தில் வீட்டுப் பாவனைக்கான நீர்க் கட்டணமும் 7 வீதம் குறைந்தது. இரண்டையும் வரவேற்கிறோம். யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கேட்டுக் கிளிநொச்சி விவசாயிகளோடு இழுபட்ட காலம் ஒருவாறு கடந்ததில் நிம்மதியும் உண்டு. ஆனால் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் உள்ள பழைய வீடுகளில் இந்த 7 வீதம் ஒரு கசிவுக்குக் காணாது. நிமிடத்துக்கு அரை லீற்றர் ஒழுகினால் மாதம் 21 அலகுக்கு மேல். படிமுறைக் கட்டணத்தில் அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று குழாய் வேலை செய்யும் எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மீற்றருக்கு அப்பால் நீர் வழங்கல் சபையின் பொறுப்பு, இப்பால் பாவனையாளர் பொறுப்பு. விதியோடு எமக்குச் சண்டை இல்லை. இப்பால் இருக்கும் குழாய் என்ன நிலையில் இருக்கிறது என்று சோதிக்காமல் இணைப்பதோடுதான் சண்டை.

பழைய ஜி.ஐ. (நாகமுலாம் இரும்பு) குழாய் கிணற்றுத் தண்ணீருக்கும் மேல்தாங்கியின் பத்தடி உயர அழுத்தத்துக்கும் பழகியது. துரு தின்ற இடத்தைச் சுண்ணாம்புப் படிவுதான் அடைத்து வைத்திருக்கும். ஒரு எல்போவைத் திருப்பினால் அடுத்த மூட்டு ஒழுகத் தொடங்குவது அதனால்தான். தாளையடியின் ஆர்.ஓ. (எதிர்ச்சவ்வூடுபரவல்) தண்ணீரில் கனிமம் சேர்த்து, பி.எச். சரிப்படுத்தி அனுப்பலாம். புதுக் குழாய்க்கு அது போதும். நாற்பது வருடப் படிவுக்கு? அரிசோனாவின் டூசான் நகரம் 1992 நவம்பரில் நிலத்தடி நீரை விட்டுக் கொலராடோ ஆற்று நீருக்கு மாறியபோது, பழைய வீடுகளின் நாகமுலாம் குழாய்களில் படிந்திருந்த துரு கிளம்பிச் சிவப்புத் தண்ணீர் வந்தது, குழாய்கள் ஓட்டையாயின. 1994இல் நகரம் அந்த விநியோகத்தை நிறுத்தியது. வீட்டுக்காரருக்கு நட்டஈடும் கொடுத்தது. கடைசியில் அந்த நகரம் "இப்பால்" என்று சொல்லித் தப்பவில்லை.

கண்டுபிடிப்பதும் தீவகத்தில் வேறு வேலை. செம்மண்ணில் ஈரம் மேலே தெரியும். இங்கே சுண்ணாம்புக்கல் வெடிப்பு எல்லாவற்றையும் குடித்துவிடும். வேலணையில் ஒரு நாற்சார் வீட்டில் விறாந்தைச் சுவர் உப்புப் பூத்துச் சாந்து உதிர்ந்திருந்தது. வீட்டுக்காரர் அதைத்தான் உடைக்கச் சொன்னார். அது கீழிருந்து ஏறும் பழைய உவர். தாங்கியின் மிதவை வால்வைத் தூக்கிக் கட்டி, எல்லாப் பைப்பையும் பூட்டிய பிறகும் மீற்றரின் சின்னச் சக்கரம் சுற்றியது. குசினிப் பக்கம் கிண்டினோம். மேல்மண் காய்ந்து கிடந்தது, ஓரடிக்குக் கீழே கல்லிடுக்கில் தண்ணீர். கிணற்றில் நான்கு இலக்கம் காட்டிய கடத்துதிறன் மானி அந்தக் குழியில் மூன்று இலக்கத்துக்கு இறங்கியது. குளோரின் சோதனை வில்லை போட்டதும் தண்ணீர் நிறம் மாறியது. பி.வி.சி.யில் கேட்புக்கோல் அவ்வளவாக உதவாது. உவர்நிலத்தில் இந்த மலிவான மானிதான் எங்கள் காது.

இதையெல்லாம் உரிய இடங்களுக்கு எழுதினோம். பழைய வீட்டுக்கு இணைப்புக் கொடுக்குமுன் ஓர் அழுத்தச் சோதனை, அதன் அளவீடு கோப்பில் ஒரு வரி: கேட்டது இவ்வளவே. கவனத்தில் எடுக்கப்படும் என்றார்கள். ஏன் அவசரம் இல்லை என்பதும் விளங்குகிறது. மீற்றருக்கு முன்னால் ஒழுகினால் அது வருமானமற்ற நீர், அறிக்கையில் குறை. பின்னால் ஒழுகினால் அது விற்ற நீர், அறிக்கையில் வருமானம்! திட்டத்துக்குக் கடன் கொடுத்தவருக்கு இணைப்புகளின் தொகை காட்டினால் போதும். ரொறன்ரோவில் இருப்பவரின் பூட்டிய வீட்டில் ஓடும் தண்ணீரும் விற்பனைதான். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஆர்.ஓ. இயந்திரம் பிழிந்தெடுக்கும் ஒவ்வொரு குடமும் இதே கணக்கில்தான் மண்ணுக்குள் போகும். கடலை நன்னீராக்கக் காசு இருக்கிறது, ஒரு அழுத்தமானி வாங்க இல்லையாம்.

விதி வரும்வரை நாமே செய்யலாம். புது இணைப்பைப் பழைய ஜி.ஐ.யில் முடியாதீர்கள்; மீற்றரிலிருந்து தாங்கிக்கு நேரே புது பி.வி.சி., நடுவில் ஒரு நிறுத்து வால்வு. தாங்கிக்குக் கீழே உள்ளதைச் சோதிக்க, இரவில் அந்த வால்வைப் பூட்டி, நீர்மட்டத்தைக் கோடிட்டு விடியப் பாருங்கள். சோதனை அளவீட்டையும் திகதியையும் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதி, வீட்டுக்காரரிடம் கையொப்பம் வாங்குங்கள்.