நோயாளியைக் கேட்காமல் நோய்ப் பாடமா?



ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்காரும் எனக்கு மருத்துவம் தெரியாது, டிக்கெட் தெரியும். அதை வைத்தே இந்த வழக்கைச் சொல்கிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, ஊரிலிருந்து மும்பைக்கு மறுபரிசோதனைக்கு வந்துபோகும் தாய் ஒருவர் முழுக் கட்டணத்தை என்னிடம் நீட்டினார். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று ஆண்டுகளாக அவருக்கு இதைச் சொல்வார் இல்லை.

“தம்பி, போனிலே எத்தனையோ டாக்டர் பேசுறதைக் கேட்டேன். இதை ஒருத்தரும் சொல்லலையே!” என்றார்.

ஏன் சொல்லவில்லை? இணையத்தில் பாடம் போடுகிறவர்கள் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

2022-இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. சுமார் 98,000 பேர் மாண்டனர். இது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை நம் பெண்கள் நோயாக எண்ணுவதில்லை. ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடுகிறார்கள். நோயிலிருந்து மீண்ட ஒருத்தி இதைச் சொன்னால் பத்துப் பேர் காது கொடுப்பார்கள்.

சிகிச்சை முடித்த நம் சகோதரிகள் சிலரைக் கேட்டேன். “ஒரே அறையில் மகனும் மருமகனும் இருக்கையில் மார்பகப் படத்தை எப்படிப் பார்ப்பது? குரலாகக் கொடுங்கள், சமைத்துக்கொண்டே காதில் மாட்டிக் கேட்போம்” என்றார் ஒருவர். “அக்குள் நெறிக்கட்டியை எடுத்தபின் கை வீங்குகிறது, தண்ணீர்க் குடம் தூக்கலாமா?” என்றார் இன்னொருவர். ஏசி அறையில் கூடிப் பேசுவோருக்கு இந்தக் கேள்விகள் தோன்றுமா?

“நோயாளிக்கு என்ன தெரியும்?” என்பார்கள். மருந்தின் அளவை டாக்டரே சொல்லட்டும்; யார் மறுத்தார்கள்? எதை முதலில் சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதை அனுபவித்தவர் சொல்லட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

இதே மும்பையில் 1998-இல் டாட்டா நினைவு மருத்துவமனை குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 1,51,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் அடங்கினர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே மார்பகப் பரிசோதனை செய்தனர். 2021-இல் முடிவு வெளியானது. நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பெரிய எந்திரம் ஏதுமில்லை. பெண்ணுக்குப் பெண் பேசியதும் பார்த்ததும்தான்!

எனவே நாம் கேட்பது மூன்று:

1. இணையப் பாடம் தயாரிக்கும் முதல்நாளிலிருந்தே தமிழ்ப் பெண் நோயாளிகளையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். இழக்கும் நாள்கூலியைக் கொடுக்க வேண்டும்.

2. பாடம் வீட்டில் பேசும் தமிழில், குரலாகவும் வர வேண்டும்.

3. அவர்கள் கேட்டுத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும். பயணச் சலுகை, செலவு பற்றிய செய்திகளும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். சிகிச்சை முடித்த சகோதரிகளே, முன்வரிசையில் வந்து அமருங்கள். நீங்கள் பேசுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.